பாசியிலிருந்து இருமுக மணிகள்: முதல் முறை செய்பவர்களுக்கு

வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். அடியில் கொத்தமல்லி விதை அளவில் முப்பது நாற்பது மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி கறுப்பு. கிண்ணத்துக்குக் கீழே காந்தத்தைக் கொண்டுபோனால் அத்தனையும் புரண்டு மஞ்சள் முகத்தை மேலே காட்டும். காந்தத்தை மேலே பிடித்தால் கறுப்பு முகம். இதற்கு வேண்டியவை கடற்பாசியிலிருந்து எடுத்த ஒரு பொடி, கால்சியம் உப்பு, மஞ்சள்தூள், கறுப்பு இரும்பு ஆக்சைடு, மருந்துக்கடையில் வாங்கும் இரண்டு ஊசி. சனிக்கிழமை மாலை கரைசலைக் கலக்கி வைத்தால் ஞாயிறு காலை மணி விட்டுவிடலாம்.

இவற்றுக்கு அறிவியலில் ஜேனஸ் துகள் என்று பெயர். ஜேனஸ் ரோமானியர்களின் வாசல் தெய்வம். முன்னும் பின்னும் பார்க்க அவருக்கு இரண்டு முகம். 1991இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிரான்ஸின் பியேர்-ஜில் தெ ஜென் தன் நோபல் உரையில் இந்த மணிகளைப் பற்றிப் பேசினார். ஒரு பக்கம் தண்ணீரோடு ஒட்டும், மறு பக்கம் ஒட்டாது என்றிருக்கும் மணிகளைத் தண்ணீர்ப் பரப்பில் விட்டால், அவை நெருங்கி நின்று ஒரு தோல் போலாகிவிடும். மணிக்கும் மணிக்கும் நடுவே சந்து இருப்பதால் அந்தத் தோல் மூச்சு விடும் என்று அவர் விளக்கினார். அவர் பேசியது கண்ணாடி மணிகளை வைத்து. பாசிப்பொருளில் செய்வதற்கு வேறொரு வசதி உண்டு. அது தண்ணீரிலேயே, அடுப்பில்லாமல், எந்தக் கடுமையான ரசாயனமும் இல்லாமல் உறைகிறது. அதனால் உயிருள்ள செல்லைக்கூட உள்ளே வைக்கலாம். 1980இல் லிம், சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை ஆல்ஜினேட் என்ற பாசிப்பொருளின் உறைக்குள் வைத்து நீரிழிவு எலிகளுக்குள் செலுத்திக் காட்டினார்கள். மணிக்கு இரண்டு முகம் இருந்தால் ஒரு பாதியில் செல்லையும் மறு பாதியில் காந்தப் பொடியையும் வைக்கலாம். ஒன்றையொன்று தொடக் கூடாத இரண்டு மருந்தை ஒரே மணியில் வைக்கலாம்.

பாசிப்பொருள் என்றால் மூன்று உண்டு: அகர், காரகீனன், ஆல்ஜினேட். முதல் இரண்டையும் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்து உறையவைக்க வேண்டும். ஊசிக்குள்ளேயே ஆறி அடைத்துக்கொள்ளும் என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அவற்றை நான் சொல்வதில்லை. ஆல்ஜினேட் அறைவெப்பத்தில் கால்சியம் பட்டவுடன் உறையும்.

ஆல்ஜினேட் பழுப்புப் பாசியின் செல்சுவரில் இருப்பது. 1881இல் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதைப் பிரித்தெடுத்தார். மன்னார் வளைகுடாக் கரையில் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று சொல்கிறார்களே, அவை இரண்டும் இந்த வகை. ராமநாதபுரம் கடலோர ஊர்களில் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறித்து வருபவற்றில் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகருக்குப் போகும். கட்டக்கோரையும் பக்கோடாவும் ஆல்ஜினேட்டுக்கு. நம் கைக்கு வரும்போது அது மணமில்லாத, வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளைப் பொடி.

அந்தப் பொடி சோடியம் ஆல்ஜினேட். தண்ணீரில் கரைந்தால் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் தனித்தனியாக மிதக்கும். கரைசல் கெட்டியாக இருக்கும், ஆனால் ஓடும். கால்சியம் வந்தால் ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் நடுவே இருக்கும் குழிகளில் போய் உட்கார்ந்து இரண்டையும் பிணைத்துவிடும். முட்டை அட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து நடுவில் முட்டை வைத்தது போல என்று 1973இல் ஒரு விளக்கம் வந்தது. பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் முட்டைப் பெட்டி என்ற பெயரிலேயே வருகிறது.

இரண்டு நிறக் கரைசலை ஒரே சொட்டில் பக்கம் பக்கமாக விட்டால் ஏன் கலந்துவிடுவதில்லை? தேனையும் வெல்லப்பாகையும் ஒரு கரண்டியில் பக்கம் பக்கமாக ஊற்றிப் பாருங்கள். கெட்டியான திரவங்கள் சுழலாமல் அடுக்கடுக்காக நகரும். ஒரு நொடிக்குள் சொட்டு கால்சியம் தொட்டியில் விழுந்துவிடும், மேல்தோல் உறைந்துவிடும், எல்லைக்கோடு அப்படியே நின்றுவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இரண்டு பக்கமும் ஒரே கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்று நீர்த்து மற்றொன்று கெட்டியாக இருந்தால், நீர்த்தது கெட்டியானதைச் சுற்றிக்கொள்ளும். பாதிக்குப் பாதி மணிக்குப் பதிலாக, மஞ்சள் போர்வைக்குள் கறுப்பு உருண்டை கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின. ஊசியை மாற்றினேன், உயரத்தை மாற்றினேன், கால்சியத்தைக் கூட்டினேன், எதுவும் உதவவில்லை. மஞ்சள் பக்கத்தில் வெறும் இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் கூடிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை

சோடியம் ஆல்ஜினேட் 10 கிராம் இருந்தால் பல தடவைக்கு வரும். ரசாயனக் கடையிலும் கிடைக்கும், கேக் பொருள் விற்கும் இடங்களில் உணவுத் தரத்திலும் கிடைக்கும். கெட்டித்தன்மையில் மூன்று தரம் இருந்தால் குறைவானதையோ நடுத்தரத்தையோ கேளுங்கள். கால்சியம் குளோரைடு 50 கிராம். இது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து நசநசத்துப் போகும். வாங்கியவுடன் இறுக்கமான டப்பாவுக்கு மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வேண்டும். குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஆல்ஜினேட் கரைக்க ஆகாது. நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியம் நிறைய. பொடி கரையும்போதே அங்கங்கே உறைந்து, கரைசல் திப்பித் திப்பியாக நிற்கும். பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளை உப்புப் படிகிற வீடுகளுக்கு இது கண்டிப்பாகப் பொருந்தும்.

கறுப்பு இரும்பு ஆக்சைடை சிமெண்ட் தரைக்கு நிறம் சேர்ப்பவர்கள் வாங்கும் கடையில் கேட்கலாம். சிவப்பு ஆக்சைடு வேண்டாம். பழைய வீட்டுத் தரைகளின் அந்த அழகான சிவப்பு காந்தத்துக்கு அசையவே அசையாது. கறுப்பிலும் சில பொடிகள் வெறும் கரியாக இருக்கும். காந்தத்தை ஒரு பாலித்தீன் பையில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒட்டினால் வாங்குங்கள்.

நிறத்துக்கு மஞ்சள்தூளைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேசரிப் பவுடர் போன்ற சாயங்கள் தண்ணீரில் முழுதாகக் கரைபவை. அந்தச் சாய மூலக்கூறுகள் மிகச் சிறியவை. ஜெல்லின் வலைக்கண் அவற்றுக்கு அகலக் கதவு. மணி விட்ட ஒரு மணி நேரத்தில் சாயம் மறு பாதிக்குப் போய்விடும், தொட்டிக்கும் கசிந்துவிடும். மஞ்சள்தூளின் துகள்கள் வலைக்குள்ளேயே சிக்கி நிற்கும். கரையாத பொடி எதுவானாலும் சரி.

ஊசிக்கு, மருந்துக்கடையில் ஸ்கால்ப் வெயின் செட் என்று கேளுங்கள். பட்டாம்பூச்சி இறக்கை போல இரண்டு பிளாஸ்டிக் மடலும், பின்னால் மெல்லிய குழாயும் இருக்கும். 21 கேஜ், பச்சை நிறம், இரண்டு. கூடவே ஒரே கம்பெனியின் 5 மில்லி சிரிஞ்சு இரண்டு. அப்புறம் உப்புத்தாள், செல்லோ டேப், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை.

முந்தின நாள் வேலை

100 மில்லி டிஸ்டில்டு வாட்டரை மிக்ஸி ஜாரில் ஊற்றுங்கள். 3 கிராம் ஆல்ஜினேட்டை அளந்து டீ வடிகட்டியில் போட்டுத் தயாராக வையுங்கள். மிக்ஸி குறைந்த வேகத்தில் ஓடும்போதே, மூடியின் நடுத் துவாரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கேழ்வரகுக் கூழில் கட்டி தட்டுவது போலத்தான்: வெளியே வழவழ, உள்ளே காய்ந்த மாவு. அந்தக் கட்டியை உடைப்பதைவிடப் புதிதாகக் கலக்குவது சுலபம்.

ஒரு நிமிடம் ஓட்டினால் கரைசல் பால் போல வெளுத்திருக்கும். அத்தனையும் காற்றுக் குமிழி. ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் தெளிந்திருக்கும். இந்த ஓய்வைத் தவிர்க்க வேண்டாம். குமிழியுள்ள கரைசலில் செய்த மணி மிதக்கும், எந்த முகம் எங்கே என்று தெரியாது. காலையில் எடுத்தவுடன் பயன்படுத்தவும் வேண்டாம். குளிர்ந்த ஆல்ஜினேட் அதிகக் கெட்டி. ஒரு மணி நேரம் வெளியே வைத்து அறைவெப்பத்துக்கு வரட்டும்.

அன்று இரவே இரும்பு ஆக்சைடையும் கழுவிவிடலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் அரைக் கரண்டிப் பொடியைப் போட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கலக்குங்கள். வெளிப்பக்கத்தில் காந்தத்தைப் பிடித்தால் கறுப்பு அத்தனையும் ஓடிவந்து சுவரில் அப்பிக்கொள்ளும். காந்தத்தை எடுக்காமல் மேல்தண்ணீரை வடியுங்கள். மூன்று முறை. பொடியோடு வந்த உப்பும் காந்தமில்லாத தூசியும் போய்விடும். மிஞ்சுவதை ஒரு காகிதத்தில் உலர வையுங்கள். நாளைக்கு எடை போட வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே கெட்டி

ஒவ்வொரு பக்கத்துக்கும் கணக்கு ஒன்றேதான்: 20 மில்லி ஆல்ஜினேட் கரைசல், அதோடு பொடி கலந்த 10 மில்லி தண்ணீர். 3 சதவீதம் 2 சதவீதமாக இறங்கும். 2 சதவீதம் என்பதுதான் ஊசியிலும் ஓடி, உருண்டையும் நிற்கும் அளவு. 1 சதவீதத்துக்குக் கீழே போனால் சொட்டு தொட்டியில் விழுந்து தட்டையாகிவிடும்.

மஞ்சள் பக்கம்: 10 மில்லி தண்ணீரில் 0.3 கிராம் மஞ்சள்தூளைக் கலக்கி மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். பெரிய துகள் ஊசியை அடைக்கும். வடித்ததில் தண்ணீர் குறைந்திருந்தால் மறுபடி 10 மில்லிக்கு நிரப்பிவிட்டு ஆல்ஜினேட்டில் சேருங்கள். கறுப்புப் பக்கம்: 10 மில்லி தண்ணீரில் கழுவி உலர்த்திய ஆக்சைடு 0.3 கிராம். இதை மிக்ஸியில் போடாமல் கரண்டியால் பொறுமையாகக் கலக்குங்கள், புதிய குமிழி வரக் கூடாது. கறுப்புப் பொடி கனமானது, அடியில் தங்கும். சிரிஞ்சில் இழுப்பதற்குச் சற்று முன்பு ஒரு முறை கலக்க வேண்டும்.

இனிச் சோதனை. 5 மில்லி சிரிஞ்சிலிருந்து உலக்கையை எடுத்துவிட்டு, வெறும் குழலை நேராகப் பிடித்து, நுனியை விரலால் மூடி மஞ்சள் கரைசலை 5 மில்லிக் கோடு வரை ஊற்றுங்கள். விரலை எடுத்தவுடன் நேரம் பார்க்கத் தொடங்குங்கள். 1 மில்லிக் கோட்டுக்கு இறங்க எத்தனை நொடி? அதே குழலைக் கழுவித் துடைத்துக் கறுப்பையும் அளந்து பாருங்கள். இரண்டும் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சரி. உதாரணமாக ஒன்று 60 நொடி, மற்றொன்று 64 நொடி என்றால் தொடரலாம். 60க்கு 80 என்று வந்தால், மெதுவாக இறங்கிய பக்கத்தில் அரை மில்லி தண்ணீர் சேர்த்துக் கலக்கி மீண்டும் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். அவசரத்தில் இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி இங்கேதான் வருகிறார்கள்.

இரட்டை ஊசி

மடல்களை மேல்பக்கமாக மடித்துப் பிடித்தால் இரண்டு ஊசியும் பக்கம் பக்கமாக ஒட்டிப் படுக்கும். மூடியைக் கழற்றுவதற்கு முன்பே கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வேலை, கூர்முனையை மழுக்குவது. மேசையில் உப்புத்தாளை வைத்து, ஊசியைச் செங்குத்தாகப் பிடித்து முனை சமமாகும் வரை தேயுங்கள். சாய்வான முனையில் சொட்டு ஒரு பக்கமாகத் தொங்கும். தேய்த்தபின் சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சித் தூளை வெளியேற்றுங்கள். குழந்தைகள் உடன் இருந்தால் இந்தப் பகுதியைப் பெரியவர்களே முடித்துவைத்துவிடுங்கள்.

மழுங்கிய இரண்டையும் சேர்த்து வைத்து, நுனிகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று விரல்நகத்தின் மேல் நிறுத்திப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால்கூட நீண்டிருப்பதைச் சுற்றி மற்றக் கரைசல் ஏறிக்கொள்ளும். சரியானதும் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். நுனியிலிருந்து அரை அங்குலத்துக்குத் துளி வாஸ்லினை வெளிப்புறம் மட்டும் தடவுங்கள். இல்லையென்றால் சொட்டு ஊசியின் முதுகில் ஏறிப் பெரிதாகித் தாறுமாறாக விழும்.

இரட்டை ஊசியை ஒரு ஸ்டாண்டிலோ, அடுக்கிய புத்தகங்களில் செருகிய ஸ்கேலிலோ கட்டி, செங்குத்தாகக் கீழ்நோக்கி நிறுத்துங்கள். ஒரு சிரிஞ்சில் மஞ்சளையும் மற்றொன்றில் கறுப்பையும் இழுத்து, ஊசிகளின் குழாய்களில் மாட்டி, பக்கம் பக்கமாக வைத்து டேப் சுற்றுங்கள். இரண்டு உலக்கைகளின் தலைமேலும் ஒரே மரச்சட்டத்தை வைத்து அழுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். சிரிஞ்சுகள் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். குழலின் விட்டம் வேறானால் அளவும் வேறாகும்.

தொட்டியும் சொட்டும்

500 மில்லி தண்ணீரில் 7.5 கிராம் கால்சியம் குளோரைடு. நீரற்ற வகையாக இருந்தால் 5.5 கிராம் போதும். அது கரையும்போது நன்றாகச் சூடாகும், ஆறவிடுங்கள். தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீர் போதும், இங்கே கால்சியம் இருப்பதில் கெடுதல் இல்லை. அகன்ற வெள்ளைக் கிண்ணமாக இருந்தால் மணி நன்றாகத் தெரியும்.

ஊசி நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே 6, 7 செ.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். இரண்டு குழாயிலும் காற்று போய் இரண்டு நிறமும் நுனிக்கு வரும் வரை ஒரு பழைய கிண்ணத்தில் விடுங்கள். அப்புறம் தொட்டியை நகர்த்திக் கீழே வையுங்கள். இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் அழுத்துங்கள். விரலுக்குக் கடினமாக இருந்தால் 3 மில்லி சிரிஞ்சுக்கு மாறுங்கள். குறுகிய குழலில் அதே விரல் பலம் அதிக அழுத்தமாகும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் கண்ணை நுனிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். முதலில் இரண்டு சின்னக் குமிழாக வரும். ஒன்றையொன்று தொட்டவுடன் சட்டென்று சேர்ந்து ஒரே சொட்டாகும், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. சொட்டு பருத்துக் கழுத்து மெலிந்து அறுந்து விழும். தொட்டிக்குள் கொஞ்சம் இறங்கும்போதே பளபளப்பு மாறித் தோல் கட்டிவிடும். நூறு சொட்டு விட்டாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மணிக்கு வால் இருந்தால் ஊசியை ஒரு செ.மீ. உயர்த்துங்கள். தட்டையாக விழுந்தால் இறக்குங்கள். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் தொட்டியை ஒரு கரண்டியால் மெதுவாகச் சுற்றிவிட்டுக்கொண்டே இருங்கள். நுனி எக்காரணம் கொண்டும் தொட்டி நீரைத் தொடக் கூடாது. தொட்டால் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும், அப்போது வெந்நீர் பயன்படாது, நுனியை அரைமணி நேரம் சோடியம் சிட்ரேட் கரைசலில் வைத்தால் இளகும்.

5 மில்லியும் 5 மில்லியுமாகத் தீரும்போது நானூறு மணிக்குப் பக்கத்தில் இருக்கும். அரைமணி நேரம் தொட்டியிலேயே கிடக்கட்டும். தோல் நொடியில் கட்டினாலும் கால்சியம் நடுவரை போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும்.

வெட்டிப் பாருங்கள்

வெளியே அழகாக இருக்கும் மணி உள்ளே ஏமாற்றலாம். முதல் தடவை ஐந்தாறு மணிகளையாவது புது பிளேடால் இரு நிறமும் வரும்படி குறுக்கே வெட்டிப் பாருங்கள். நேர்க்கோடாக எல்லை தெரிந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. ஒரு நிறம் பிறை போல மற்றொன்றைத் தழுவியிருந்தால் கெட்டி பொருந்தவில்லை, தழுவியிருப்பதுதான் நீர்த்த பக்கம். நத்தை ஓடு போலச் சுழி தெரிந்தால் நுனிகளின் மட்டம் தவறு, அல்லது மிக வேகமாக அழுத்தியிருக்கிறீர்கள்.

நல்ல மணிகளை ஒரு முறை அலசி, ஒரு சிட்டிகை கால்சியம் குளோரைடு போட்ட தண்ணீரில் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்புத் தண்ணீரில் வைக்க வேண்டாம். சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க மணி ஊதித் தளரும். வெளியே காயவிட்டால் கடுகைவிடச் சிறிதாகச் சுருங்கிக் கல்லாகிவிடும், பின்பு நனைத்தாலும் பழைய அளவுக்கு வராது.

மிச்ச ஆல்ஜினேட் கரைசலை சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரின் கால்சியம் பட்டுச் சாக்கடைக் குழாய்க்குள் உறையும். கால்சியம் தொட்டியிலேயே கொட்டி உறையவைத்து, வடித்துக் குப்பையில் போடுங்கள். ஊசிகளை மூடி மாட்டி, தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, அருகிலுள்ள மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

காந்தமும் ஈஸ்டும்

காந்தச் சோதனைக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் காந்தம் அருமையானது. ஒரு சுற்று மணியை வெள்ளைக் கிண்ணத்தில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். போன முறை என் அக்கா மகள் கிண்ணத்தின் அடியில் காந்தத்தை நகர்த்திக்கொண்டே போக, மணிகள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டே போயின. "சித்தி, எல்லாம் திரும்பிப் படுக்குது!" என்றாள். இரு நிற மணியைத் திருப்பி எழுத்துக் காட்டலாம் என்ற இதே எண்ணத்தில்தான் 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் நிக் ஷெரிடன் மின்காகிதம் செய்து பார்த்தார். அவர் மணிகள் மயிரிழை அளவு, திருப்பியது மின்புலம்.

அடுத்த சுற்றில் ஆக்சைடுக்குப் பதிலாக, 10 மில்லி வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் உலர் ஈஸ்டைக் கரைத்துச் சேருங்கள். மறுபடி நொடிக்கணக்குச் சோதனை. ஈஸ்ட் வேறு பொடி, கெட்டி மாறியிருக்கும். மணிகள் தயாரானதும், மருந்துக்கடையில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடை 3 சதவீதமாக்கி ஒரு உயரமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றுங்கள். பாட்டிலில் 6 சதவீதம் என்று இருந்தால் சம அளவு தண்ணீர். கையுறை கட்டாயம்.

ஈஸ்டில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை விடுவிக்கும். குமிழிகள் ஈஸ்ட் பாதியில்தான் பூக்கும், மஞ்சள் பாதி பெரும்பாலும் வழுவழுவென்றே இருக்கும். குமிழி சேரச் சேர மணி அந்தப் பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு எழும்பும். பரப்பில் குமிழி உடைந்ததும் மறுபடி இறங்கும். பத்து மணியைப் போட்டால் ஒன்று ஏற ஒன்று இறங்கத் தம்ளர் முழுக்கப் போக்குவரத்து. ஒற்றை நிற ஈஸ்ட் மணிகள் சிலவற்றையும் பக்கத்துத் தம்ளரில் போட்டு ஒப்பிடுங்கள். அவையும் ஏறி இறங்கும். ஆனால் இருமுக மணி ஒவ்வொரு முறையும் ஒரே முகத்தை மேலே வைத்துத்தான் எழும்பும்.

இன்னும் சின்னதாக வேண்டுமென்றால்

ஊசியை மெல்லியதாக்கினால் போதும் என்று எல்லாரும் முதலில் நினைப்பார்கள். சொட்டின் விட்டம் ஊசி விட்டத்தின் கனமூலத்தைத்தான் பின்பற்றும். ஊசியை எட்டில் ஒரு பங்காக மெலிதாக்கினால்தான் சொட்டு பாதியாகும், அந்த ஊசியில் ஆல்ஜினேட் ஓடவே ஓடாது. ஆகவே ஊசியை விட்டுவிட்டுச் சொட்டை இழுக்கும் விசையைக் கூட்டுவார்கள். ஊசியைச் சுற்றிக் காற்றை ஊதிச் சொட்டை முன்னதாகவே அறுக்கலாம். ஆய்வகங்களில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்துச் சொட்டை உரிப்பார்கள். அதை வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது டோக்கியோ பல்கலைக்கழகத்தில் டகேயுச்சியின் குழு 2012இல் வெளியிட்ட முறை. உள்ளே தடுப்பு வைத்த கண்ணாடி நுண்குழாயில் இரண்டு கரைசலையும் நிரப்பி, கீழே கால்சியம் கரைசலோடு சேர்த்து மையவிலக்கியில் சுழற்றிவிட்டார்கள். புவியீர்ப்பு போலச் செயல்படும் விசை ஆயிரம் மடங்கானால் சொட்டு பத்தில் ஒரு பங்காகும். கல்லூரி ஆய்வகத்தில் மையவிலக்கி இருப்பவர்கள், வீட்டில் இரட்டை ஊசியில் நேர்க்கோடு வர வைத்த பிறகு அங்கே போகலாம். கரைசல்கள் அதே 2 சதவீதம், முன்னால் செய்த அதே நொடிக்கணக்குச் சோதனைதான்.